இன்லே ஏரிக்குப் போக நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் ரங்கூனில் பிறந்து வளர்ந்தவன். இன்லேக்கு இதுவரை ஏழு முறை போய் வந்திருக்கிறேன். பெகுவில் இருக்கும் அத்தை, மௌல்மீன் நண்பர்கள், 1964-க்குப் பிறகு கப்பலேறிப் போய்ச் சென்னை வியாசர்பாடியில் குடியேறிய சித்தப்பாவின் பிள்ளைகள் என்று யார் போகக் கிளம்பினாலும் முதலில் எனக்குத்தான் போன் வரும். ஒரே பதிலை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட மொத்தமாக எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

இன்லே மலையா, ஏரியா?

இரண்டும்தான். ஷான் மாநிலத்து மேட்டுநிலத்தில், கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 880 மீட்டர் மேலே, இரண்டு பக்கமும் மலை நிற்க நடுவில் இந்த ஏரி கிடக்கிறது. பரப்பு சுமார் 116 சதுர கிலோமீட்டர். பர்மாவில் இந்தவ்ஜி ஏரிக்கு அடுத்த பெரிய நன்னீர் ஏரி இது. இவ்வளவு பெரிய ஏரி என்றால் ஆழமும் பயங்கரமாக இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. வெயில் காலத்தில் சராசரி ஆழம் ஏழு அடிதான், மிக ஆழமான இடத்தில் பன்னிரண்டு அடி. மழைக்காலத்தில் இன்னும் ஐந்து அடி ஏறும்.

கொடைக்கானல் மாதிரி இருக்குமா?

சென்னை உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வியே இதுதான். குளிரும் பனிமூட்டமும் கொடைக்கானலை நினைவுபடுத்தும், அதோடு சரி. கொடைக்கானல் ஏரி 1863-இல் மனிதர்கள் உண்டாக்கியது, அதைச் சுற்றித்தான் ஊர் வளர்ந்தது. இங்கே ஊரே ஏரிக்குள் இருக்கிறது. இந்தா என்ற ஏரி மக்கள் தண்ணீருக்குள் கம்பம் நட்டு அதன்மேல் வீடு கட்டி வாழ்கிறார்கள். பள்ளிக்கூடம், புத்த மடம், பலசரக்குக் கடை எல்லாமே கம்பத்தின் மேல்தான், பக்கத்து வீட்டுக்குப் போய்ப் புளி கடன் வாங்க வேண்டுமென்றாலும் படகில்தான் போக வேண்டும். அதனால் நீங்கள் சுற்றிப் பார்க்கப் போவது ஒரு காட்சியிடத்தை இல்லை, மற்றவர்களின் தெருவுக்குள்ளும் வாசலுக்குள்ளும்தான் போகிறீர்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாகவே கிடைத்துவிடும்.

இப்போது போகலாமா? பாதுகாப்பாக இருக்குமா?

2021-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு நாட்டு நிலைமை எப்படி என்று இங்கே இருக்கும் நமக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ஷான் மாநிலம் பெரியது, ஒரு பகுதி அமைதியாக இருக்கும் அதே வாரம் இன்னொரு பகுதியில் சண்டை நடக்கும். எனவே யாரோ போன வருஷம் சொன்னதை நம்பிக் கிளம்ப வேண்டாம். புறப்படும் வாரத்தில் தங்கப்போகும் விடுதிக்கே நேராகப் போன் போட்டு, சாலை எப்படி, இரவில் வண்டி ஓடுகிறதா, மின்சாரம் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். அங்கே இருப்பவர் சொல்வதுதான் சரியான தகவல். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள் தங்கள் அரசு சொல்லும் பயண எச்சரிக்கையையும் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

அப்புறம் நிலநடுக்கம். 2025 மார்ச் 28 அன்று 7.7 அளவில் வந்த அந்த ஆட்டத்தில் மாண்டலேயும் சகாயிங்கும் பட்ட பாடு உலகத்துக்கே தெரிந்தது. இன்லே கிராமங்களின் கதை அந்த அளவுக்கு வெளியே வரவில்லை. கம்பத்தின் மேல் நின்ற வீடுகள் வரிசையாகத் தண்ணீருக்குள் சரிந்தன, உயிர்கள் போயின. அதற்கு ஆறு மாதம் முன்னால்தான், 2024 செப்டம்பரில், யாகி புயல் மழையால் ஏரி பெருகி அதே வீடுகளுக்குள் புகுந்திருந்தது. இப்படி அடிமேல் அடி வாங்கிய ஊருக்கு விருந்தாளியாகப் போகலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். போகலாம் என்றுதான் சொல்வேன். போகிறவர்கள் செலவழிக்கும் பணம் நேராக அங்கே இருக்கிறவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். எப்படி என்று பின்னால் எழுதுகிறேன்.

எந்த மாதம் நல்லது?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. வானம் தெளிவாக இருக்கும், ஏரியில் தண்ணீரும் போதுமான அளவு நிற்கும். ஏப்ரலில் தண்ணீர் வற்றி, ஓடைகளில் படகு சேற்றில் தட்டும். மழைக்காலத்தில் மலையெல்லாம் பச்சைப்பசேல் என்று இருக்கும், ஆனால் பாதி நாள் விடுதி வராந்தாவில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். எனக்கு அதுவும் பிடிக்கும். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்குச் சரிப்படாது.

திருவிழா பார்க்க வேண்டுமென்றால் புரட்டாசி, ஐப்பசியில் வரும் பவுங் டோ ஊ புத்தர் கோவில் விழா. 18 நாள் நடக்கும். அந்தக் கோவிலில் ஐந்து சின்னப் புத்தர் சிலைகள் உண்டு. காலங்காலமாக ஒட்டிய தங்க ரேக்கால் முகம், கை, கால் எல்லாம் மறைந்து ஐந்தும் இப்போது தங்க உருண்டைகளாகத்தான் தெரியும். அவற்றில் நான்கை மட்டும் அன்னப்பறவை வடிவப் படகில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோவார்கள், ஐந்தாவது கோவிலைவிட்டு நகராது. ஒருமுறை படகு கவிழ்ந்து சிலைகள் மூழ்கியபோது நான்குதான் கிடைத்தன, ஐந்தாவதைத் தேடிக் களைத்துத் திரும்பிவந்தால் அது பாசியோடு தன் இடத்திலேயே உட்கார்ந்திருந்தது என்று சொல்வார்கள். நம் ஊர்த் தேரோட்டம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த விழா அந்நியமாகவே தோன்றாது, தேர் தண்ணீரில் ஓடுகிறது, அவ்வளவுதான். ஒன்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: சிலை மேடையில் ஏறித் தங்க ரேக் ஒட்ட ஆண்களை மட்டும்தான் விடுவார்கள். என் அத்தைக்கு இது அங்கே போன பிறகுதான் தெரிந்தது, அன்று முழுக்க அவர் வருத்தம் தீரவில்லை.

ரங்கூனிலிருந்து எப்படிப் போவது?

விமானம் என்றால் ஹேஹோ. அங்கிருந்து கார் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஏரிக்கு வடக்கே இருக்கும் ஞாவுங்ஷ்வே ஊருக்கு வந்துவிடலாம். தரைவழி என்றால் தௌன்ஜி போகும் பேருந்தில் ஏறி ஷ்வேஞாவுங் சந்திப்பில் இறங்க வேண்டும். வழியில் சோதனைச் சாவடிகள் உண்டு, அடையாள அட்டை அசலைக் கையிலேயே வைத்திருங்கள், பெட்டிக்குள் போட்டு வண்டிக் கூரையில் ஏற்றிவிடாதீர்கள். தாசியிலிருந்து கலோ வழியாக ஷ்வேஞாவுங் வரை ஒரு மலை ரயில் பாதையும் உண்டு. வளைந்து வளைந்து ஏறும், மெதுவாகத்தான் போகும். ரயில் ஓடுகிற நாளாக அமைந்தால் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

ஞாவுங்ஷ்வேயை வெறும் படகுத்துறை என்று நினைத்துத் தாண்டிப் போக வேண்டாம். அங்கே பழைய ஷான் சிற்றரசரின் மரமாளிகை இருக்கிறது, இப்போது அருங்காட்சியகம். அந்த அரசர் சாவ் ஷ்வே தைக்தான் 1948-இல் பர்மா விடுதலை பெற்றபோது நாட்டின் முதல் குடியரசுத் தலைவர். 1962-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது அவரைச் சிறையில் அடைத்தார்கள், சிறையிலேயே இறந்துபோனார். ஒரு மணி நேரம் ஒதுக்கி அந்த மாளிகைக்குள் நடந்து பாருங்கள்.

தண்ணீர்மேல் இருக்கும் விடுதியா, ஊருக்குள் இருக்கும் விடுதியா?

கையில் பணம் இருந்தால் இரண்டு இரவாவது தண்ணீர்மேல் தங்குங்கள். ஞாவுங்ஷ்வேயில் தங்கிப் பகலில் மட்டும் ஏரியைச் சுற்றி வருகிறவர்களுக்குப் பாதி ஏரிதான் கிடைக்கிறது. படகு எஞ்சின் சத்தமெல்லாம் ஓய்ந்த பிறகு, அறைக்குக் கீழே தண்ணீர் கம்பத்தில் மோதும் சத்தமும் தூரத்து மடத்திலிருந்து வரும் ஓதல் சத்தமும் மட்டும் கேட்கும். அந்த நேரத்தை ஊருக்குள் அறை எடுத்தவர்கள் இழந்துவிடுகிறார்கள்.

ஆனால் சில விஷயங்களை முன்பே கேட்டுவிட வேண்டும். ஜெனரேட்டர் எத்தனை மணிக்கு நிற்கும்? சுடுதண்ணீர் எந்த நேரத்தில் வரும்? ஒரு விடுதியில், பெயர் வேண்டாம், இருபத்துநான்கு மணி நேரமும் சுடுதண்ணீர் என்று சொல்லி அறை கொடுத்தார்கள். ஜனவரி மாதம், காலை ஐந்து மணி, அப்பாவுக்கு எழுபது வயது, குழாயைத் திறந்தால் ஐஸ் மாதிரித் தண்ணீர். சமையல்கட்டுப் பெண்பிள்ளைகள் விறகடுப்பில் ஒரு பானை காய்ச்சிப் பலகைப் பாலத்தின் மேல் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். நிர்வாகம் வாக்கைக் காப்பாற்றவில்லை, அந்தப் பிள்ளைகள் காப்பாற்றினார்கள். அன்றிலிருந்து நான் எங்கே தங்கினாலும் டிப்ஸை மேலாளர் மேஜைப் பெட்டியில் போடாமல் சமையல்கட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன்.

பெரியவர்கள், குழந்தைகளோடு போகலாமா?

போகலாம், கவனம் வேண்டும். படகு நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும், ஒருவர் பின் ஒருவராக நாற்காலி போட்டிருப்பார்கள், பின்னால் டீசல் எஞ்சின் காதைப் பிளக்கும். பஞ்சு கொண்டுபோங்கள். ஏறும்போது ஓரத்தில் கால் வைக்காமல் நட்டநடுவில் வைக்க வேண்டும். உயிர்காக்கும் ஜாக்கெட்டை நீங்களே கேட்டு வாங்குங்கள், தலையணை மாதிரி முதுகுக்குப் பின்னால் செருகி வைக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். விடுதி நடைபாதைகளில் பல இடங்களில் கைப்பிடி கிடையாது, ஓடித் திரியும் வயதுக் குழந்தை என்றால் கரையோரத்து விடுதியே நல்லது.

என் அம்மாச்சிக்குத் தண்ணீர் என்றாலே பயம். படகுத்துறையில் நின்றுகொண்டு வர மாட்டேன் என்று அடம்பிடித்தார். படகுக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு, துடுப்பை எடுத்துத் தண்ணீருக்குள் செங்குத்தாக விட்டுத் தரையைத் தொட்டுக் காட்டினார். "அப்வா (பாட்டி), இவ்வளவுதான் ஆழம், விழுந்தாலும் நின்றுகொள்ளலாம்" என்று பர்மியில் சொன்னார். அம்மாச்சி மடியிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்துத் தண்ணீரில் விட்டுக் கும்பிட்டுவிட்டு ஏறினார். திரும்பிவரும்போது முதல் நாற்காலி அவருக்குத்தான் வேண்டுமாம்.

காலால் துடுப்புப் போடுவது உண்மையிலேயே இருக்கிறதா, படம் எடுப்பதற்காகச் செய்வதா?

உண்மையிலேயே இருக்கிறது. ஏரி முழுக்க நாணலும் மிதக்கும் கொடிகளும் அடர்ந்திருப்பதால் உட்கார்ந்து துடுப்புப் போட்டால் முன்னால் வழி தெரியாது. அதனால் படகின் முனையில் ஒற்றைக்காலில் நின்று, மற்றக் காலைத் துடுப்பில் சுற்றிக்கொண்டு தள்ளுவார்கள், இரண்டு கையும் வலைக்கு மிச்சம். கிட்டே நின்று பார்த்தால் ஒன்று புரியும், பாதம் துடுப்பைப் பிடிப்பதே இல்லை, கணுக்கால் மடிப்பில் துடுப்பு சாய்ந்திருக்கும், உந்துவது முழுக்க இடுப்பு. பெண்கள் உட்கார்ந்து கையால்தான் துடுப்புப் போடுவார்கள்.

ஏரியின் வாயிலிலேயே கூம்புக் கூடையைத் தூக்கிப்பிடித்து நிற்பவர்கள் இப்போது பெரும்பாலும் படத்துக்காக நிற்பவர்கள். படம் எடுத்தால் காசு கொடுங்கள், அது அவர்கள் பிழைப்பு. மீன் பிடிக்கிறவர்களைப் பார்க்க விடியற்காலையில் உள்ளே போக வேண்டும். நைலான் வலையை விரித்துவிட்டுத் துடுப்பால் தண்ணீரை ஓங்கி அடித்து மீனை வலைப்பக்கம் விரட்டுவார்கள், அந்தச் சத்தம் மூடுபனிக்குள் வெகுதூரத்துக்குக் கேட்கும்.

சைவம் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் சொல்லி வாங்க வேண்டும். "தெத்-தட்-லுட்" என்று சொல்லுங்கள், உயிர்க்கொலை இல்லாத சாப்பாடு என்று பொருள், மடங்கள் நிறைந்த ஊர் என்பதால் எல்லோருக்கும் புரியும். ஙப்பியும் (புளிக்கவைத்த மீன் விழுது) மீன் சாறும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லிவிடுங்கள், அவற்றை மாமிசக் கணக்கில் சேர்க்காதவர்கள் உண்டு.

ஷான் நாட்டுத் தோஃபு சோயாவில் செய்வதில்லை. கடலை மாவைக் கரைத்துக் கிளறிச் செய்வது. ஆறவிட்டால் மஞ்சளாகக் கெட்டிப்பட்டு வில்லை போட வரும், ஆறுவதற்கு முன் கஞ்சிப் பதத்தில் நூடுல்ஸ்மேல் ஊற்றினால் தோஃபு நுவே. குளிர்ந்த காலையில் அதைச் சாப்பிட்டுப் பாருங்கள், நம் வீட்டுச் சாப்பாடு மாதிரியே வயிற்றில் உட்காரும். பர்மா பஜார் அத்தோ சாப்பிட்டுப் பழகிய சென்னைப் பிள்ளைகள் ஷான் கவ்ஸ்வே என்ற நூடுல்ஸை அதே காரத்தோடு எதிர்பார்க்க வேண்டாம், இது மிருதுவானது.

இந்தா மக்களின் சாப்பாட்டில் தமின் ஜின் என்று ஒன்று உண்டு. சொல்லுக்குச் சொல் எடுத்தால் புளிச்சோறு என்றுதான் அர்த்தம், அதனால் நம்மவர்கள் ஏமாந்துவிடுகிறார்கள். சோறு, மஞ்சள், தக்காளியோடு மீனையும் சேர்த்துப் பிசைந்து உருட்டியது அது. மீன் சாப்பிடுகிறவர்கள் விட்டுவிடக் கூடாத பண்டம்.

மிதக்கும் தோட்டம் என்கிறார்களே, அது என்ன?

நாணல், களை, ஏரியடிச் சேறு எல்லாவற்றையும் சேர்த்துப் பாத்தியாக்கி, மூங்கில் கழியைத் தரைவரை குத்தி நிறுத்தியிருப்பார்கள். தண்ணீர் ஏறினால் பாத்தியும் ஏறும், இறங்கினால் இறங்கும். பெரும்பாலும் தக்காளி. நம் சந்தைகளுக்கு வரும் இன்லே தக்காளி இந்தப் பாத்தியில் விளைந்ததுதான். மேலே ஏறி நிற்க ஆசைப்படாதீர்கள், கால் புதைந்து பாத்தி கிழிந்துவிடும்.

இதிலேயே வருத்தமான செய்தியும் இருக்கிறது. 1935-இல் 69 சதுர கிலோமீட்டராக இருந்த, செடிகொடி மூடாத திறந்த நீர்ப்பரப்பு 2000-இல் 47-க்கும் கீழே வந்துவிட்டது. தோட்டங்கள் பெருகியது ஒரு காரணம். மலைகளில் மரம் வெட்டியதால் மண் அரித்து வந்து ஏரியில் படிகிறது, ஆகாயத் தாமரை மூடுகிறது, தோட்டத்துக்கு அடிக்கும் உரமும் பூச்சிமருந்தும் நேராகத் தண்ணீரில் கலக்கிறது. உலகில் வேறெங்கும் இல்லாத மீன்களும் நத்தைகளும் இந்த ஏரியில் உண்டு, அவற்றுக்கு ஒதுங்க வேறு இடம் கிடையாது. 2015-இல் யுனெஸ்கோ இன்லேயை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது, பர்மாவில் முதலாவது இதுதான். தோட்டக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஒரு தக்காளிப் பருவம் போனால் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது. நாம் செய்யக்கூடியது, சோப்பு, பிளாஸ்டிக் எதையும் தண்ணீரில் விடாமல் திரும்பக் கொண்டுவருவது. தயவுசெய்து செய்யுங்கள்.

என்னென்ன பார்க்க வேண்டும்?

ஐந்து நாளுக்கு ஒருமுறை ஊர் மாற்றி மாற்றிக் கூடும் சந்தையை முதலில் சொல்வேன். அன்றைக்கு எந்த ஊர் முறை என்று படகுக்காரருக்குத் தெரியும். கறுப்புச் சட்டையும் ஆரஞ்சுத் தலைத்துண்டுமாகப் பா-ஓ இனப் பெண்கள் மலையிலிருந்து பூண்டும் தேயிலையும் கொண்டு இறங்குவார்கள்.

அடுத்து இன்பாவ்கோன் ஊரின் தாமரை நெசவு. ஐந்தாறு தண்டுகளைச் சேர்த்துப் பிடித்து, கத்தியால் மேலாகக் கீறி, ஒரு முறி முறித்து மெதுவாக இழுப்பார்கள். இரண்டு துண்டுக்கும் நடுவே சிலந்தி நூல் மாதிரி இழைகள் நீளும். அவற்றை ஈரப் பலகையில் வைத்து உள்ளங்கையால் உருட்டினால் ஒரு சாண் நூல். ஒரு துண்டு நெய்ய ஆயிரக்கணக்கான தண்டு வேண்டும், விலை ஏன் அப்படி என்று அந்தக் கையைப் பார்த்தால் தெரியும், பேரம் பேச வாய் வராது.

கழுத்தில் வளையம் போட்ட கயான் பெண்களைச் சில கடைகளில் உட்கார வைத்திருப்பார்கள். எனக்கு அது பிடிக்காது, படகை அங்கே நிறுத்தச் சொல்வதில்லை. பேச்சுக் கொடுக்காமல் படம் மட்டும் எடுத்துக்கொண்டு போவது எந்த மனிதருக்கும் செய்யக்கூடாதது.

கலோவுக்கும் போகலாமா? அங்கே நம்மவர்கள் உண்டா?

போகலாம். கலோ இன்னும் உயரம், சுமார் 1,300 மீட்டர், பைன் மரங்கள், வெள்ளைக்காரர் காலத்து வீடுகள். ரயில் பாதை போட வந்த இந்தியர்கள், நேபாளிகளின் பேரப்பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள், சப்பாத்தி பருப்பு தேடி அலைய வேண்டாம். கலோவிலிருந்து இன்லேக்கு மலைக் கிராமங்கள் வழியாக இரண்டு மூன்று நாள் நடந்து வருவதும் உண்டு, அந்த வழி இப்போது திறந்திருக்கிறதா என்பதை உள்ளூர் வழிகாட்டியிடம் மட்டும் கேளுங்கள்.

என்ன உடுப்பு?

டிசம்பர், ஜனவரியில் விடியற்காலைப் படகில் கைலியும் அரைக்கைச் சட்டையும் போதாது. ஸ்வெட்டர், காது மூடும் துணி, மடியில் போட ஒரு போர்வை. பத்து மணிக்கு மேல் வெயில் சுடும், தொப்பியும் தேவை.

பணம்?

பர்மா பணமான கியாட்டை ரொக்கமாகக் கொண்டுபோங்கள், சின்ன நோட்டாக நிறைய. ஏரிக்குள் கார்டு தேய்க்கலாம் என்று நம்பிப் போகாதீர்கள்.

படகை யாரிடம் பேசுவது?

பணம் நேராக அவர்கள் கைக்குப் போக வேண்டும் என்று மேலே சொன்னது இதற்குத்தான். விடுதி மேஜையிலோ இடைத்தரகரிடமோ பேசினால் படகுக்காரர் கைக்கு எவ்வளவு போகிறது என்று உங்களுக்குத் தெரியாது. ஞாவுங்ஷ்வே ஓடைக்கரையில் இறங்கி நேராகப் பேசுங்கள், நாள் முழுக்கவும் ஒரே படகு, அடுத்த நாளும் அதே ஆள். எங்கெல்லாம் நிற்க வேண்டும், எந்தக் கடையில் நிற்க வேண்டாம் என்பதை ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், கடைக்குக் கூட்டிப்போனால்தான் கமிஷன் என்ற நிலை அவருக்கு வராதபடி கொஞ்சம் கூட்டியே பேசுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு அவரையும் கூட உட்கார வையுங்கள். அவர் வீடு எந்த ஊர், நிலநடுக்கத்துக்குப் பிறகு கட்டி முடித்தாயிற்றா என்று கேளுங்கள். கிளம்பும் நாளில் அவருடைய போன் நம்பரை வாங்கி வந்து எனக்கும் கொடுங்கள், அடுத்து என்னிடம் கேட்கிறவர்களுக்கு அந்த நம்பரையே தருகிறேன்.